அடியில் ஒரு கீறல்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

அணு உலைக்கூடத்தில் தங்களிடம் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த, எல்லோரும் 'கால் டிகிரி' என்று கூப்பிட்ட நான், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரியும் நலம். அங்கே தாங்களும், தங்களைப் பார்த்துக்கொள்ளும் மகள் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

ஐயா, இதை நானே எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை. மேலே இருக்கிற நான்கு வரிக்கு ஒரு முழுக் காலை ஆகிவிட்டது. ஆகட்டுமே. இருபது நாள் சோதனை ஓட்டத்தில் மெஷினின் இரும்புக் கையைக் கால் டிகிரி, கால் டிகிரியாக நகர்த்தியவனுக்கு ஒரு பக்கம் எழுத நான்கு நாள் ஆனால் என்ன? ஒரு எழுத்துப் போடுகிறேன். தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். சரியாக இருந்தால் அடுத்தது. எல்லாம் தாங்கள் பழக்கிய பழக்கம்தான்.

வீட்டுக்காரிக்குப் பொறாமை. "என்னைக் கட்டி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு, எனக்கு ஒரு வரி எழுதினது உண்டா? முதல் லெட்டர் உங்க ஐயாவுக்கா?" என்கிறாள். நீ பக்கத்து அறையில்தானே இருக்கிறாய், உனக்கு எதற்குத் தபால் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த கடிதம் அவளுக்குத்தான்.

சென்ற வருடம் நூலகத்தின் பின்பக்க அறையில் பெரியவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மாவுக்கு என் மகளைவிட வயது குறைவு. மாணவர்கள் ஏழு பேர். என் பக்கத்தில் ஒரு தையல்காரர் உட்காருகிறார். சரியான வாய். என் நோட்டை எட்டிப் பார்த்து, "பெரியவரே, உங்க 'ழ' என்ன இப்படித் தொந்தி போட்டுட்டு நிக்குது? அளவெடுத்து நான் தைச்சுத் தரட்டுமா?" என்பார். ஆனால் கணக்கில் என்னை யாரும் அசைக்க முடியாது. எண்கள் எனக்கு எப்போதும் தெரியும். அதனால்தானே உலைக்கூடத்தில் என் விஷயம் வெளியே வரவில்லை. எழுத்து என்று வந்தால் மட்டும் "கண்ணாடியை வீட்ல மறந்துட்டேன் ஐயா" என்பேன். முப்பத்தொரு வருடமும் அந்தக் கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. தாங்களும் நம்பினீர்கள். உண்மையில் எனக்குக் கண்ணாடியே கிடையாது.

தெருவில் நானாகப் படித்த முதல் பலகை 'இங்கே துப்பாதீர்கள்' என்பது. பேருந்து நிறுத்தத்துச் சுவர். இத்தனை வருடமும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் துப்பியிருக்கிறேன். இப்போது மாத்திரை அட்டையைப் படிக்கிறேன். மருந்துக் கடைப் பலகையைப் படிக்கிறேன். பக்கத்து வீட்டுக் கதவில் 'அழைப்பு மணி வேலை செய்யாது' என்று எழுதியிருக்கிறது. நான் அதை எத்தனை முறை அமுக்கியிருப்பேன்! உலகம் முழுக்க ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் அதன் நடுவில் செவிடன் போல நடந்திருக்கிறேன்.

ஒரு நாள் டீச்சரம்மா, நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். தாங்கள் எனக்குச் சொன்னதையே சொன்னேன். இருட்டு அறைக்குள் பந்து பந்தாக எறிந்து, அவை எந்தப் பக்கம் தெறித்து வருகின்றன என்று எண்ணி, உள்ளே நாற்காலி எங்கே, மேஜை எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலை. அறைக்குப் பதில் ஒரு டப்பா தண்ணீர். பந்துக்குப் பதில் உலையின் துளை வழியே வரும் நியூட்ரான். இங்கே அதைச் செய்ய முடியும் என்று முதலில் காட்டியவர் எங்கள் ஐயா, அவருடைய இரும்புக் கையை நகர்த்தியவன் நான் என்றேன். தையல்காரர், "கண்ணுக்குத் தெரியாததை எறிஞ்சு, கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிச்சீங்க. நல்லாத்தான் சம்பளம் வாங்கியிருக்கீங்க" என்றார். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

டப்பா விஷயத்தையும் சொன்னேன். முதலில் காலி டப்பாவை வைத்து ஓட்ட வேண்டும், பிறகுதான் நிரப்பி ஓட்ட வேண்டும், நிரப்பியதிலிருந்து காலியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உள்ளே இருப்பதன் கதை. "டப்பா தன் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கும். அது பேசுறதை முதல்ல தனியா கேட்டு வெச்சுக்க. அப்பதான் தண்ணி பேசுறது காதுல விழும்" என்பீர்கள். டீச்சரம்மா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நம் இரண்டு டப்பாக்கள் நினைவிருக்கிறதா? ஒரே நாளில் பட்டறையில் பிறந்தவை. முதலில் இறங்கியது அக்கா, அடுத்தது தங்கை. நம்பர் போட்டால் ஓட்ட நம்பரோடு குழம்பிவிடும் என்று, தாங்களே ஊசியால் அடியில் பெயரைச் செதுக்கினீர்கள். அக்கா இப்போது என் மேஜையில் இருக்கிறாள். இரண்டு பென்சிலும் ஒரு பேனாவும்தான் நிற்கும். உலையை நிரந்தரமாக மூடி நம்மையும் அனுப்பிய அன்று, அலமாரியைக் காலி செய்தபோது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோமே. எது வேண்டும் என்று கேட்டீர்கள். நான் அடியைக் கட்டைவிரலால் தடவி, "எனக்கு அக்காவைக் குடுங்க ஐயா. எழுத்தெல்லாம் பாக்க வேணாம், இதோ என் கீறல். பட்டறையில் தட்டி எடுத்துட்டு வந்த அன்னிக்கே அடையாளத்துக்கு நான் போட்டது" என்றேன். அன்றுதான் எழுத்துத் தெரியாத என் குட்டு உடைந்தது. தாங்கள் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டீர்கள். மூட்டுவலி என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வந்தேன். வெகுநேரம் கழித்து, "சரி, அக்காவை நீயே வெச்சுக்க" என்றீர்கள். திட்டவில்லை. "எழுதப் படிக்கக் கத்துக்க. கத்துக்கிட்டா முதல் லெட்டரை எனக்குப் போடு" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஒன்பது வருடம் தாமதமாகிவிட்டது. வெட்கம் விடவில்லை. மன்னிக்க வேண்டும்.

பேருந்தில் போகும்போது கூடத்தைப் பார்ப்பேன். துளைகளை சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டார்களாம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? பாப்பாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெரிய எழுத்தாக இருந்தால் படித்துவிடுவேன்.

தங்கள்
கால் டிகிரி

* * *

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முதல் கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். வீட்டுக்காரிக்கு எழுதுவதாகச் சொன்ன கடிதம் எழுதப்படவில்லை. இது முந்தியதுபோல் மகிழ்ச்சியாக எழுதும் கடிதம் இல்லை. பாப்பா படித்துக் காட்டுவதாக இருந்தால், தங்கள் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பென்சில் சீவிய தூள் டப்பாவுக்குள் விழுந்துவிட்டது. கவிழ்த்துத் தட்டினேன். வெளிச்சம் அடியில் விழுந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் இதுவரை படித்துப் பார்த்ததில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? அக்கா என்றுதான் எனக்குத் தெரியுமே. வகுப்புப் பழக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். முதல் எழுத்து 'அ' இல்லை. 'த' என்று இருந்தது. துடைத்துவிட்டுப் படித்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் படித்தேன். தங்கை. பக்கத்திலேயே என் கீறல்.

வீட்டுக்காரி, "என்ன, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். டீச்சரம்மாவிடம் போய்க் காட்டினேன். நான் தப்பாகப் படிக்கிறேன் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். "பரவாயில்லையே, இவ்வளவு சின்ன எழுத்தைக்கூடப் படிச்சிட்டீங்களே!" என்று தட்டிக்கொடுத்தார்.

ஐயா, நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் வாய் ஓரத்தில் ஒரு சொட்டை இருந்தது. முதல் வருடத்தில் ஸ்பேனர் விழுந்து ஆனது. அதை வைத்துத்தான் நான் இருவரையும் பிரித்துக் கண்டுபிடிப்பேன். காலி ஓட்டம் இரண்டுக்கும் சரியாகத்தான் நடந்தது, அப்போது சொட்டை இருந்தது. அதன் பிறகு அந்தக் குளிர்ந்த நீர் ஓட்டம் வந்தது. தாங்கள் எட்டு வருடம் காத்திருந்த ஓட்டம். சொட்டையால் மூடி சரியாக உட்காரவில்லை என்று தாங்கள் இரண்டு டப்பாவையும் பட்டறைக்கு அனுப்பினீர்கள். லேத்காரர் சொட்டையைத் தட்டி நிமிர்த்தி, இரண்டையும் மெருகு போட்டு, ஒரே துணியில் சுற்றிக் கொடுத்தார். துணியைப் பிரித்தேன். ஒன்றைப் போலவே மற்றொன்று மின்னியது. அந்த நேரம் தங்களுக்குப் போன் வந்தது. எழுந்து போகும்போது, "அக்காவை எடுத்து நிரப்பு" என்றீர்கள்.

கேட்டிருக்கலாம். "எது அக்கா ஐயா?" மூன்றே சொல். பக்கத்து மேஜையில் இருந்தவரிடம் காட்டியிருக்கலாம். கண்ணாடியை மறந்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அவர் படித்துச் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அன்று காலைதான் தாங்கள் வெளியாட்கள் முன்னால் என்னைக் காட்டி, "இவன் இல்லன்னா இந்த மெஷினே இல்ல" என்று சொல்லியிருந்தீர்கள். அந்த மிதப்பில் இருந்தேன். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததை அக்கா என்று எடுத்தேன். இனிமேல் இப்படி முழிக்கக் கூடாது என்று அரத்தால் அடியில் ஒரு கீறல் போட்டேன். நிரப்பினேன். மூடினேன். தொங்கவிட்டேன்.

கீறல் போடும் வரை எனக்குச் சந்தேகம் இருந்தது. போட்ட பிறகு போய்விட்டது. நானே போட்ட கீறல் எனக்கே சாட்சி ஆகிவிட்டது.

இருபது நாள் ஓட்டினோம். தாங்கள் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தீர்கள். அக்காவின் காலிக் கணக்கைக் கழித்ததும், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு சின்னக் குன்று எழுந்தது. தாங்கள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றதை நான் மறக்கவில்லை. அத்தனை குளிரில் தண்ணீர் தனக்குள்ளே வேறு விதமாக அடுக்கிக்கொள்கிறது, இதுவரை யாரும் பார்த்ததில்லை என்றீர்கள். என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். உலகத்துக்கே அறிவித்தீர்கள். அந்த ஒரு வருடம் தங்களைப் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள்!

அது தண்ணீர் இல்லை ஐயா. அக்காவுக்கு ஒரு பேச்சு, தங்கைக்கு ஒரு பேச்சு. ஒரே உலோகம்தான், ஆனாலும் தகடு வேறு என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். உள்ளே தங்கையை வைத்துவிட்டு அக்காவின் பேச்சைக் கழித்தோம். தங்கை கூடுதலாகப் பேசியது மிஞ்சி நின்றது. அதைத் தண்ணீரின் குரல் என்று எடுத்துக்கொண்டோம்.

பிற தேசங்களில் ஓட்டிப் பார்த்தவர்கள் குன்று இல்லை என்று எழுதினார்கள். தாங்களும் திரும்ப ஓட்டினீர்கள். அதற்குள் வேறு உலோகத்தில் புது டப்பாக்கள் வந்துவிட்டன. குன்று வரவில்லை. இல்லாத குன்று அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கையால் வரைந்துவிட்டார் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் தாங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னிக்கு அக்காவைத்தானே போட்ட?" என்று கேட்டீர்கள்.

"ஆமா ஐயா. அக்காதான்" என்றேன்.

கீறலைக் காட்டியிருக்கலாம். தாங்கள் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். அந்த நிமிடமே முடிந்திருக்கும். ஆனால் எழுத்து இருக்கும்போது கீறல் எதற்கு என்று கேட்பீர்களே. அதற்குப் பயந்தேன். ஒரு எழுத்துத் தெரியாது என்பதை மறைக்க ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொடுத்தேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்கள். கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். தாங்கள் சொன்னது கேட்டது. "அவன் கையில தப்பு வராது. வந்திருந்தா என் கண்ணுலதான் வந்திருக்கும்." அறிவித்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்கள். மெஷினைச் சின்னவர்களிடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில், துடைப்பம் வைக்கும் இடத்துக்குப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தீர்கள். பதினெட்டு வருடம் பிறர் கருவிகளைச் சரி செய்து கொடுத்தீர்கள். சொந்தமாக ஒரு ஓட்டமும் கேட்கவில்லை. நியூட்ரானை எண்ணும் கவுண்டரில் ஓர் எண்ணைப் படித்தால், "நீ ஒரு தடவை பாரு, நான் படிச்சது சரியா?" என்று என்னைக் கேட்பீர்கள். என்னை! தங்கள் கண்ணை நம்பாமல் என் கண்ணை நம்பினீர்கள். நானும் எட்டிப் பார்த்து, சரிதான் ஐயா என்பேன். பெருமையாக இருந்தது.

வீட்டுக்காரி இதைத் தபாலில் போடாதே என்கிறாள். "யாருக்கும் தெரியாதது தெரியாமலே போகட்டும். அவருக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு." ஆனால் ஒருவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அன்று ஸ்டூலில் உட்கார்ந்தது மூட்டுவலியால் இல்லையே ஐயா? அடியில் தங்கை என்றும் பக்கத்தில் கீறலும் இருந்ததைப் பார்த்தீர்கள். பட்டறையிலிருந்து வந்த அன்றே போட்டது என்று நானே பல்லை இளித்துக்கொண்டு சொன்னேன். தங்களுக்கா கணக்குப் போடத் தெரியாது?

தங்கள் கண்ணில் தப்பில்லை. அதை என் கையால் எழுதியிருக்கிறேன். எனக்குத் தண்டனை என்ன என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. தாங்கள் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

தங்கள்
கால் டிகிரி

* * *

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா என்றுதான் எழுத வேண்டும். உலைக்கூடத்து வாசலில் உள்ளே விடாததற்காகக் காவல்காரரின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பாப்பாவாகவே நீங்கள் என் நினைவில் இருக்கிறீர்கள். அப்படியே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்தது. பெரிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள், நன்றி. கூட யாரையும் வைத்துக்கொள்ளாமல் படித்தேன். எனக்கு வந்த முதல் கடிதம் அதுதான். மூன்றாவது வரியில் அப்பா போய்விட்டார் என்று இருந்தது. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. வரும்போதே நான் வேறு ஏதோ சொல்லாக அது முடியும் என்று காத்திருந்தேன்.

என் முதல் கடிதம் அவர் போவதற்கு நான்கு நாள் முன்பு வந்தது என்றும், நீங்கள் படித்துக் காட்டினீர்கள் என்றும், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேற ஒண்ணும் எழுதலையா?" என்று மட்டும் கேட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டாவது கடிதம் எல்லாம் முடிந்து பதினோராவது நாள் வந்ததாம். ஒன்பது வருடமாகத் தபால் வரும் நேரத்தில் ஜன்னலண்டை உட்காருவார், யாருடைய கடிதம் என்று எங்களுக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள் எனக்கு ஆறுதலாகத்தான் எழுதியிருப்பீர்கள்.

முதல் கடிதத்தில் 'ழ'வின் தொந்தியைப் பற்றி எழுதினேன், பாப்பா. எங்கே துப்பினேன் என்று எழுதினேன். அவர் காத்திருந்தது அதற்கா? டப்பா என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பார்த்திருந்தால் அதே கடிதத்தில் எழுதியிருப்பேன். நான்கு நாள் இருந்தது.

ஏன் அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அவர் பெயர் நிமிர்ந்திருக்குமே என்று உங்களுக்கு ஆற்றாமை. எனக்கும் அதே கேள்விதான். என் கையில் தப்பு வராது என்று பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்ட சொல்லைத் திருப்பி எடுக்க அவருக்கு மனம் வரவில்லையோ? அல்லது, நானாகப் படித்து நானாகச் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்தாரோ? காலி டப்பாவை முதலில் பேச விட வேண்டும் என்பார். என்னைத்தான் பேச விட்டார் போல. நான் பேசி முடிக்கும்போது கேட்க ஆள் இல்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு சின்ன வயது அதிகாரி. மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தாளைப் பொறுமையாகப் படித்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். "பெரியவரே, அவரே வாபஸ் வாங்கிட்டார். வாபஸ் வாங்கினதை இன்னொரு தடவை வாபஸ் வாங்க முடியாது" என்றார். வாபஸ் வேண்டாம், ஒரு வரி சேர்த்தால் போதும், குன்று டப்பாவினுடையது, டப்பாவை மாற்றிப் போட்டது உதவியாள், அவ்வளவுதான் என்றேன். "எதுல சேர்க்கிறது? அந்தக் கோப்பெல்லாம் கூடத்தை மூடும்போதே அழிச்சாச்சு. அப்ப இருந்தவங்களும் யாரும் இப்ப இல்ல" என்றார். நான் இருக்கிறேனே என்றேன். அவர் என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். எனக்கு எழுத்துத் தெரியாது என்று நினைத்து, எந்தப் பேருந்து என்று கையால் காட்டினார்.

அந்தச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். பலகையைப் படித்தேன். தெரு முழுக்கப் படித்தேன். முன்பெல்லாம் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்கச் சின்னப் பிள்ளை போல இருக்கும். இப்போது கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஒருமுறை தெரிந்துவிட்ட எழுத்தைத் திரும்பத் தெரியாததாக ஆக்க முடியவில்லை, பாப்பா. வேண்டாம் என்றாலும் கண் படித்துவிடுகிறது.

வகுப்புக்குப் போகவில்லை. தையல்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தார். கேலி செய்யவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நான் மேஜையில் உட்கார்ந்தால் வீட்டுக்காரி பென்சிலைச் சீவி வைத்துவிட்டுப் போகிறாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வரும். அதில் தங்கை இருக்கிறாள். உங்கள் அப்பாவின் புத்தக அலமாரியில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் அக்கா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். திருப்பிப் பார்த்தால் பெயர் இருக்கும். அது அவர் எழுத்து. தங்கையின் அடியில் இருக்கும் கீறல் என்னுடையது. உங்கள் பிள்ளைகள் யாராவது, தாத்தா பெரிய தப்புப் பண்ணினாராமே என்று எங்காவது கேட்டுவிட்டு வந்து சொன்னால், அதைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் சரி.

தண்டனை கேட்டிருந்தேன். கொடுக்க வேண்டியவர் இல்லை. நீங்கள் கொடுக்க மாட்டீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

"வேற ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டாரே, அதை எந்தக் குரலில் கேட்டார்? வெறுத்துப்போய்க் கேட்டாரா? களைப்பாகவா? ஓட்டம் பாதியில் இருக்கும்போது கவுண்டர் பக்கம் நிற்கும் என்னைப் பார்த்து, "வேற ஒண்ணும் வரலையா?" என்று கேட்பார். முழுசாகத் திரும்ப மாட்டார், தலை மட்டும் திரும்பும். குரல் கடைசியில் கொஞ்சம் மேலே போகும். இன்னும் நேரம் இருக்கிறது, வரும், நீ பார்த்துக்கொண்டே இரு என்று சொல்வது போல இருக்கும். அப்படிக் கேட்டாரா?

நினைவிருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள். எனக்காக எதையும் சேர்க்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். எழுத்து மட்டும் பெரியதாக இருக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் படித்துவிடுவேன். தபால் வரும் நேரம் எனக்குத் தெரியும்.

நீங்களும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் அப்பாவின்
கால் டிகிரி